பால் இறங்கணும்னா

அது உசிருள்ள கன்னு இல்ல தாயி, பயப்படாத. தள்ளிப் போக வேண்டாம், முட்டாது. உள்ள பூராவும் வைக்கோலு. மேல இருக்க தோலு மட்டுந்தான் நெசம். நீ பாட்டுக்கு அந்த உரலுப் பக்கமா ஒக்காரு. பிள்ளையை எறக்கி மடியில போட்டுக்கோ, எம்புட்டுத் தூரம் சுமந்துட்டு வந்தியோ. தண்ணிதான கேட்ட, நான் மோரே தாரேன். கறவை முடியட்டும், கொஞ்சம் பொறு. நடுவுல நான் எந்திரிச்சா இந்த மூதி பாலை மேல இழுத்துக்கிடும். பெறவு கால்ல விழுந்தாலும் விடாது.

திருவேங்கடத்துப் பக்கமா நீ? பேச்சுலயே தெரியுதே. அங்கன மழையே இல்லையாம்லா. வீட்டுக்காரன் எங்க? பட்டாளத்துக்கா? சரிதான். சண்டைக்குப் போனவன் எப்ப திரும்புவான்னு வெள்ளைக்காரனுக்கே தெரியாது, ஒனக்கு எங்க தெரியப்போவுது. மாமியாக்காரி வச்சுக் கஞ்சி ஊத்தலையா? ம். குத்தாலத்துல சாரல் விழுந்தாச்சு, பங்களாவுக்கெல்லாம் வேலைக்கு ஆள் தேடுதாவன்னு எவனாவது சொல்லியிருப்பான். நீயும் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வந்துட்ட. கைப்பிள்ளைக்காரிக்கு எவட்டி வேலை குடுப்பா? தென்காசியிலயே நாலு வாசல்ல வெரட்டியிருப்பாளுவளே. நீ சொல்லவே வேண்டாம், மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. எம் பேரு தங்கத்தாயி. இந்தக் குத்துக்கல்வலசையில பால்வீடு எதுன்னு கேட்டா குருடன்கூட கொண்டாந்து விட்டுருவான். நீ வந்தது நல்ல எடந்தான்.

கன்னா? செத்துப்போச்சு. காளைக்கன்னு. காளையை வச்சு நான் என்ன செய்ய, தலையில வச்சு ஆடவா? அதுக்கு ஒரு காம்பாவது விடணும்னு எந் தம்பி சொல்லிக்கிட்டே கெடந்தான். ஒரு காம்புன்னா நாலுல ஒரு பங்குல்லா. பங்களாவுல அம்புட்டுப் பேரும் பாலுக்குக் காத்துக் கெடக்கும்போது காளைக்கன்னு வாயில ஊத்தவா? வாயை வச்சு ரெண்டு முட்டு முட்டினதும் பால் சொரக்கும். ஒடனே இழுத்துக் கட்டிருவேன். கொஞ்ச நாளு நின்னு நின்னு பாத்துச்சு. பெறவு காலை மடக்கிப் படுத்துட்டு.

அது செத்ததுல எனக்கு ஒண்ணுமில்ல. இந்தச் செவலை பாலை நிறுத்திட்டு பாரு, அதுதான் வயித்தெரிச்சல். மடி கல்லாட்டம் இருக்கு, கையை வச்சா ஒதைக்கு. தம்பியைக் கூப்பிட்டுத் தோலை உரிலேன்னேன். உப்பும் சாம்பலும் போட்டுக் காய வச்சு, வைக்கோலைத் திணிச்சு, நாலு கம்பைக் காலா ஊனித் தைச்சாச்சு. கறக்கும்போது மூஞ்சிக்கு நேரா நிப்பாட்டி முதுகுல கொஞ்சம் உப்புத்தண்ணி தெளிச்சாப் போதும். நக்கிக்கிட்டே நிக்கும். சர்ருசர்ருன்னு எறங்கும். கேக்குதா, செம்புல விழுத சத்தம்?

அதுக்குத் தெரியாதான்னுதான எல்லாரும் கேக்காவ. மொத நாளு மோந்து பாத்துட்டு ரெண்டு எட்டு பின்னால போச்சு. என்னையத் திரும்பிப் பாத்துச்சு. ஒரு கத்து கத்துச்சு பாரு, எந் தம்பி தொழுவை விட்டே எந்திரிச்சு ஓடிட்டான். நான் அசையலயே. கொஞ்சம் பொறுத்து அதுவே நாக்கை நீட்டிச்சு. அதுக்குத் தெரியுமோ தெரியாதோ, அந்த ஆராய்ச்சி நமக்கு எதுக்கு? பால் எறங்குதா, அதைப் பாரு. ஆடுத மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுத மாட்டைப் பாடிக் கறக்கணும்.

இந்தா மோரு. பைய குடி, பொரையேறிரும்.

தம்பி பேரு கடற்கரை. பேருதான் பெருசு, ஆளு வெறும் சோத்துப் பானை. கோழி கழுத்தைத் திருகச் சொன்னாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கிடுவான். எங்க ஆத்தா செத்த பெறவு நாந்தான் அவனை வளத்தேன். என்னையக் கெட்டிக்குடுத்த எடத்துல, வயித்துல ஒண்ணும் தங்கலேன்னு திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாவ. மலட்டு மாட்டைச் சந்தைக்குப் பத்தி விட்ட மாதிரி. வந்த அன்னைக்கு இங்கன ஒரு கிழட்டுப் பசுவும் நாலு கோழியுந்தான் நின்னுச்சு. இன்னைக்கு இந்தத் தொழுவைப் பாரு, அந்தக் கூட்டைப் பாரு. எல்லாம் எங் கை. அவன் இப்ப சேவலும் முட்டையுமா புளியறைக்குப் போயிருக்கான், மலையாளத்துக்காரன் அங்கன வந்து வாங்கிட்டுப் போவான். அவன் வர அந்தியாயிரும். அவன் இல்லாத நேரத்துல நீ வந்தது ஒரு வகைக்கு நல்லதுதான்.

அந்தக் கோழியைக் கொஞ்சம் பிடியேன். அந்தா, மூலையில குறுகிக்கிட்டு உறுமுதே, அதைத்தான். கொத்தும், செறகைச் சேத்துப் பிடி. சவத்து மூதி, அடையில விழுந்துட்டு. அடியில முட்டையே கெடையாது, எல்லாத்தையும் எடுத்துட்டேன். வெறும் தரையில ஒக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. அடை கெடக்குத கோழி முட்டை போடாது, தெரியும்லா? இப்படி ஒரு எறகைப் புடுங்கி, மூக்கு ஓட்டையில இந்தப் பக்கமா விட்டு அந்தப் பக்கமா இழுத்து விட்டுரணும். துடிக்கத்தான் செய்யும், விட்டுராத. ஆச்சு. இனி தலையை ஒதறிக்கிட்டே திரியும், குஞ்சு நெனப்பெல்லாம் மறந்துபோவும். வலிதான் மருந்து. ஒனக்கு ஏன் கண்ணு கலங்குது? கோழிக்கு அழுதா குழம்பு யாரு வைக்க?

ஏ, பிள்ளை முழிச்சுட்டே. அழுவட்டும், எந்திரிக்காத. முலையைக் குடுத்துப் பாரு. என்ன, சப்பிட்டு சப்பிட்டு விட்டுட்டு அழுவுது? வத்திப்போச்சா? சோறில்லாம நடந்தா என்னத்தை ஊறும். கொண்டா இங்க. அட, எலும்பு கைக்குத் தட்டுதேட்டி. ஆனா வளத்தி இருக்கு. தவழுதா? பல்லு? ஒண்ணே ஒண்ணு, கீழ. சரியான பருவந்தான். பொட்டப்பிள்ளையா? பரவால்ல. ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். பேரு? ராமலட்சுமியா. முடி ஏன் இப்படிக் காடா கெடக்கு, எறக்கலையா? சாமிக்கு நேந்திருக்கியா? ம்.

ஏ பாலம்மா! ஏட்டி, வேலியோரம் போறவளே, ஒன்னைத்தான். ஊருக்குள்ள போனா நாவிதரை இங்கன வந்துட்டுப் போவச் சொல்லு. எப்பவா? இப்பந்தான். ஆமா.

பாலைக் காய்ச்சித் தாரேன், பிள்ளைக்கு ஊத்துவோம். அந்தச் சொவத்துப் பெறையில சங்கு இருக்கு, எடு. இந்தப் பால் கெட்டி, தண்ணி விடாத பாலு. குடி தாயி. பாத்தியா, எப்படி முழுங்குதான்னு. முழுங்குதான்னா சொன்னேன்? முழுங்குதா. வாய் பழகிப்போச்சு. இந்தச் சங்கு எந் தம்பி மகனுது. அந்தத் தொட்டிலும் அவனுதுதான். சொல்லுதேன் இரு, அதைச் சொல்லத்தான் ஒன்னைய ஒக்காத்தி வச்சிருக்கேன்.

தம்பி பொண்டாட்டி மாடத்தின்னு ஒருத்தி. நல்ல தெடகாத்திரம். பிள்ளை பெத்ததும் அவளுக்குப் பால் ஊறிச்சு பாரு, நான் மாட்டைப் பாத்தவ, எனக்கே அதிசயம். ரவிக்கை எப்பவும் நனைஞ்சேதான் இருக்கும். பிள்ளை குடிச்சு, கக்கி, அது போவ மீதியைச் சொவத்துல பீச்சுவா. எனக்குப் பொறுக்குமா? சாரல் தொடங்கின சமயம், பங்களா ஆச்சி வண்டி கட்டிட்டு இங்கன வந்துட்டா. அவுக வீட்டுக்கு நாந்தான் பால். எந்த மாடு, எந்தத் தொழுன்னு கண்ணால பாக்கணுமாம். மருமக பிள்ளை பெத்துட்டுக் காய்ச்சல்ல படுத்த படுக்கை, பேரனுக்கு மாட்டுப்பால் ஒத்துக்கிடல. அப்ப பாத்து இவ தொழு வாசல்ல ஒக்காந்து மகனுக்குக் குடுத்துக்கிட்டிருக்கா. ஆச்சி மாட்டைப் பாக்கவே இல்ல. இவளையே பாத்துக்கிட்டு நின்னா. எனக்குச் சொல்லியா தரணும்? அந்த எடத்துலயே பேசி முடிச்சுட்டேன். அவுக பேரன் பால்குடி மறக்குத வரைக்கும் இவ அங்கன இருக்கணும். மறந்த அன்னைக்கு அவுக தொழுவுல நிக்குத சிந்திப் பசு எனக்கு. கன்னோட. நீ சிந்திப் பசு பாத்திருக்கியா? மடி தரையைத் தொடும். சுத்துவட்டாரத்துல ஒருத்தன்ட்டயும் கெடையாது. அந்தப் பசு இந்தத் தொழுவுக்குள்ள வரணும், அது வந்த பெறவுதான் எங் கண்ணு மூடணும்.

மாடத்தி எங் கால்ல விழுந்து அழுதா. எம் பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன் மதினின்னா. அதெப்படி முடியும்? ரெண்டு பிள்ளை பக்கத்துல இருந்தா தம் பிள்ளைக்குத்தான மொதல்ல குடுப்பா? ஆச்சி கண்டிசனாச் சொல்லிட்டா, அவ பிள்ளை பங்களாப் படி ஏறக்கூடாதுன்னு. ஊரார் பிள்ளையை ஊட்டி வளத்தா தம் பிள்ளை தானா வளரும், போடின்னு சொல்லி வண்டியில ஏத்தி விட்டேன். எந் தம்பி தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நான் ஒண்ணு சொன்னா இந்த வீட்டுல மறுபேச்சு கெடையாது.

அங்கன போனவ சும்மா இருந்தாளா? பிள்ளையைப் பாக்காம எனக்குப் பால் கட்டிக்கிட்டுன்னு ஒரே அழுகை. ஆச்சி பாத்தா, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை பாத்துக்கோன்னு எறங்கி வந்துட்டா. அதுவும் கிட்டக்க இல்ல. பங்களாவுக்குப் பின்னால சித்தாறு ஓடுதுல்லா, அதுல ஒடுங்கின எடமாப் பாத்து இவ அந்தக் கரை, பிள்ளை இந்தக் கரை. கூப்பிட்டாக் கேக்கும், மூஞ்சி நல்லாத் தெரியாது. சாரல்ல எல்லாம் மசமசன்னுதான் இருக்கும். நான் தூக்கிட்டுப் போய்க் காட்டுவேன். அவ அங்கன நின்னு கையை நீட்டுவா. மாராப்பு தெப்பமா நனைஞ்சிரும், இங்கன இருந்தே தெரியும். திரும்பிப் போயி அந்தப் பிள்ளைக்குக் குடுப்பா. ஆச்சிக்கு வாயெல்லாம் பல்லு.

இங்கனயா? இங்கன நாந்தான் சங்குல ஊத்தினேன். கெட்டிப்பாலு இல்ல. கெட்டிப்பாலைப் பிள்ளைக்கு ஊத்திட்டுப் பங்களாவுக்கு எதை அளக்க? அவுகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணி கலந்தாலும் நாக்குல வச்சதும் தெரிஞ்சிரும். பச்சைப்பிள்ளைக்கு என்ன தெரியும், வெள்ளையா இருந்தாக் குடிக்கும். வாய்க்காத் தண்ணியைத்தான் கலந்தேன், நாங்க எல்லாரும் குடிக்குத தண்ணிதான். நல்லாத்தான் இருந்தான். ஒரு நாளு வயித்தால போச்சு. வசம்பு ஒரசிக் குடுத்தேன், மாதுளம் ஓடு அரைச்சுக் குடுத்தேன். கண்ணு உள்ள போயி, உச்சிக்குழி பள்ளமா விழுந்துட்டு. அம்புட்டுத்தான்.

ஆமா, செத்துட்டான். நான் அப்பமே சொன்னதா நெனச்சேன், சொல்லலையா?

வாயை மூடு, சத்தம் போடாத. நீ பெத்த பிள்ளையா அது? ஓடைக்கரையில கொண்டு போயிப் புதைச்சாச்சு. ஊருக்குத் தெரியாது, காத்தடிக்கும்னு உள்ளயே வச்சிருக்கோம்னு சொல்லியிருக்கேன். எந் தம்பி மண்ணுல விழுந்து பெரண்டான். ஓடிப்போயி மாடத்திட்ட சொல்லப்போறேன்னு கெளம்பினான். வேட்டியைப் பிடிச்சு இழுத்து ஒக்காத்தி வச்சேன். சொல்லு, சொல்லி என்னலே நடக்கும்னேன். அவளுக்கு ஏக்கத்துல பால் வத்திரும். பிள்ளை செத்தவ பாலு பிள்ளையைத் தின்ன பாலுன்னு ஆச்சி அவளை அன்னைக்கே வெரட்டிருவா. பசு போச்சு. இம்புட்டும் போயி செத்த பிள்ளை எந்திரிச்சு வருமா? வரும்னா இப்பமே போயிச் சொல்லுன்னேன்.

அடுத்த வெள்ளிக்கு அந்தப் பிள்ளை சட்டையில வைக்கோலைச் சுத்தி, பழஞ்சீலையில மூடி, தோள்ல சாத்திக்கிட்டு நானே போனேன். தூங்குதான்ட்டின்னேன். அவளும் பாத்துட்டுப் போயிட்டா. பால் எறங்கிச்சு, நான் பாத்தேன். அதுக்கு அடுத்த வெள்ளியும் தூங்குதான்னேன். அங்கன இருந்து கத்துதா, எப்ப பாத்தாலும் ஏன் தூங்குதான் மதினி, மேலுக்கு முடியலையான்னு. போன வெள்ளி ஒத்தக்கால்ல நின்னுட்டா. அடுத்த வாட்டி எம் பிள்ளை கையைக் காலை ஆட்டலேன்னா ஆத்துல எறங்கி வந்துருவேன்னு கத்துதா. எறங்குவா. வெள்ளத்துல போனாளும் போவா, அவளுக்கு அம்புட்டு வெறி. அன்னையில இருந்து ஆச்சி வேற சொல்லி அனுப்புதா, பால் கொறைஞ்சு வருதுன்னு.

வைக்கோலு இனி செல்லாது. அதுதான் சங்கதி.

என்னத்துக்கு எந்திரிக்க? ஒக்காரு. ஒக்காருட்டி, பிள்ளை எங் கையில இருக்கு. நான் ஒண்ணும் முழுங்கிர மாட்டேன். எங்க போவ நீ? குத்தாலத்துக்கா? மானம் இருட்டிக்கிட்டு வருது பாரு. அங்கன மண்டபத்துல படுத்தா நீ பொழைச்சுக்கிடுவ, இது பொழைக்காது. நான் ஒண்ணைப் பாத்தவ, எனக்குத் தெரியும். கண்ணு லேசா உள்ள போவ ஆரம்பிச்சிருக்கு. இங்கன இருந்தா ஒனக்கு ரெண்டு வேளை சோறு, அந்தக் கோழிக்கூட்டை அடுத்து ஓலைச்சாய்ப்பு, இதுக்கு நாளும் கெட்டிப்பாலு. தண்ணி கலக்க மாட்டேன். இதைச் சாகவிட்டா எனக்குத்தான நட்டம்?

நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம். வெள்ளிக்கெழமை நான் தூக்கிட்டுப் போயித் தூக்கிட்டு வந்துருவேன். நீ கூட வரக்கூடாது, இங்கன சாணி அள்ளிக்கிட்டு இரு. அவ அந்தக் கரையில நின்னு பாப்பா, இது கையை ஆட்டும், காலை ஆட்டும். அம்புட்டுத்தான் வேலை. பாவமா? யாருக்குட்டி பாவம்? மக உசிரோட இருக்கணும்னா வேண்டாங்குத? அவளுக்கும் மகன் இருக்கான்னு நெனப்பு, ஒனக்கும் மக இருக்கா. ரெண்டு தாய்க்கும் நான் நல்லதுதான செய்யுதேன்? பங்களாப் பிள்ளை பால்குடி மறந்ததும் எல்லாம் முடிஞ்சிரும். அதுக்குப் பெறவு அவட்ட சொல்லிக்கிடலாம், பேதியில போயிட்டான்னு. அன்னைக்கு அழட்டும், வேண்டாம்னா சொல்லுதேன்?

கடற்கரையா? அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். ஒம் பிள்ளையைக் கண்டா தூக்கி வச்சுக்கிட்டு அழுவான். அழுதா நீ வாங்கி வச்சுக்கோ.

அந்தா நாவிதரு வந்துட்டாரு. வாங்க, வெளிய அந்தக் கல்லுல ஒக்காருங்க. கத்தியைத் தீட்டிக்கிட்டிருங்க, பிள்ளையைக் கொண்டாரேன். ஏட்டி, அவருக்குக் கேக்காம பையத்தான் சொல்லுதேன். மாடத்தி போகும்போது மகனுக்கு இசக்கியம்மன் கோயில்ல மொட்டை போட்டிருந்தோம், இப்பந்தான் முடி அரும்பியிருக்கும். அதனால ஒட்ட வழிக்கணும். நேத்திக்கடனை அடுத்த முடிக்குச் செஞ்சுக்கோ, சாமி ஒண்ணும் ஓடிறாது. கம்மலைக் கழத்து. காது ஓட்டை அம்புட்டுத் தூரத்துக்குத் தெரியாது. அவன் சட்டை ரெண்டு பெட்டியில கெடக்கு, போட்டு விடுவோம்.

இன்னொண்ணு. கூப்பிட்டாத் திரும்பணும். அவ தொண்டை கிழியக் கூப்பிடுவா. அப்ப இது வேற எங்கயாவது பாத்துக்கிட்டிருந்தா எல்லாம் பாழாப்போவும். அவன் பேரு இசக்கியப்பன். இன்னையில இருந்து நீயும் அதையே சொல்லிக் கூப்பிடு. ராமலட்சுமிங்குத பேச்சை விட்டுரு, பிள்ளை கொழம்பிரும். பால் குடுக்கும்போது சொல்லு, தொட்டில்ல போடும்போது சொல்லு. வெள்ளிக்குள்ள பழகிரும்.

அழுவாத, நீ அழுதா அதுவும் அழுவும். இரு, நான் ஒருக்கா கூப்பிட்டுப் பாக்கேன். இசக்கியப்பா. ஏலே, இசக்கியப்பா. இங்கன பாருலே.

பாத்தியா, திரும்பிட்டா. சிரிக்க வேற செய்யுதா.